சீ.ஆர். கொப்பியில் இருந்த பெயர்கள்

போன மாதம் எங்கள் பாடசாலையில் கணித சேரின் சேவை நயப்பு விழா நடந்தது. வாசலில் இருந்து மண்டபம் வரை பாண்ட் வாத்தியத்தோடு அழைத்து வந்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், வாழ்த்துமடல் வாசித்தார்கள். வலய மட்டம், மாகாண மட்டம் என்று அவருடைய உதைபந்தாட்ட அணி வென்ற கிண்ணங்கள் எல்லாம் அந்த மடலில் வரிசையாக இருந்தன. எல்லாம் உண்மைதான். ஆனாலும் 12 வருடம் ஆசிரியர் ஓய்வறையில் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்த எனக்கு, அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதில் வரவில்லை என்றே பட்டது.

நான் 2012இல் நியமனம் பெற்று திருகோணமலைக்கு வந்தேன். அவரும் கணிதம், நானும் கணிதம். முதல் வருடமே எனக்கு ஒரு கோபம் வந்தது. தரம் 11இல் முதல் பாடவேளை என்னுடையது. அணியில் இருந்த ஒரு பெடியன் தினமும் அந்த நேரத்தில் மேசையில் தலை வைத்து நித்திரை கொள்வான். சாதாரண தரப் பரீட்சைக்கு நாலைந்து மாதம்தான் இருந்தது. ஒருநாள் ஓய்வறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, “விளையாட்டு விளையாட்டு என்று பிள்ளைகளின் படிப்புப் போகிறது” என்று சொல்லிவிட்டேன்.

சேர் மறுத்துப் பேசவில்லை. “ரீச்சர், சனிக்கிழமை விடிய ஒருக்கா திருக்கடலூர்ப் பக்கம் வாங்கோ” என்றார்.

போனேன். இருட்டு இன்னும் கலையவில்லை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து, குதிக்கால் மணலில் புதைய, பின்பக்கமாகவே நடந்து இழுக்கிற வேலை அது. வலை கரைக்கு வர மணிக்கணக்காகும். அந்த வரிசையில் நாலாவதாக என் வகுப்புப் பெடியன் நின்றான். என்னைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். “நாலரைக்கு வந்தவன்” என்றார் சேர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி நான் ஓய்வறையில் பேசிய பேச்சை நினைக்க இன்றைக்கும் மனம் கூசுகிறது.

அடுத்த கிழமை பின்னேரப் பயிற்சியையும் போய்ப் பார்த்தேன். எல்லோரும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், அவன் மட்டும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தான். “வலை இழுத்தவனுக்கு ஓட்டம் இல்லை” என்று சேர் சத்தமாகவே சொன்னார். மற்றப் பெடியன்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அது அந்த அணியில் பழைய சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம்தான் அந்தக் கொப்பியைக் கவனித்தேன். வருடத்துக்கு ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது கெட்டி மட்டை போட்ட பெரிய கொப்பி. பெயர், பிறந்த திகதி எல்லாம் வழக்கம்போல இருக்கும். அதற்குப் பிறகு வருகிற நிரல்கள்தான் அவருடையவை. சப்பாத்து அளவு ஒரு நிரல். ஏழாம் நம்பர்க் கால் இரண்டு பேருக்கு இருந்து ஒரு சோடிதான் கிடைத்தால், ஆளுக்கு ஒரு பாதி ஆட்டம். காலையில் சாப்பிட்டு வருகிறவனா என்பது இன்னொன்று. வலை இழுக்கிறவனின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்ட குறி. என் வரவு இடாப்பில் வந்தான், வரவில்லை என்ற இரண்டே விசயம்தான் இருந்தன. சரி, நானும் மாற வேண்டும் என்று நினைத்து அந்தப் பிள்ளைக்கு நாலாம் பாடவேளையில் தனியாகக் கணக்குக் கொடுக்கத் தொடங்கினேன்.

ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் மைதானத்தில் போட்ட கோடு ஒன்றும் மிஞ்சாது. தை மாதம் பாடசாலை திறந்ததும் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். அது அவருக்கு ஒரு பாடம். 12 சம பங்காக முடிச்சுப் போட்ட தும்புக் கயிறு ஒன்று வைத்திருந்தார். மூன்று, நாலு, ஐந்து என்று இழுத்துப் பிடித்தால் மூலை செங்கோணமாக வந்துவிடும். பைதகரஸ் தேற்றம் பிடிபடாத பிள்ளைகள்கூட அந்தக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி அதை விளங்கிக்கொண்டார்கள்.

பெனால்டிப் பெட்டிக்கு வெளியே ஒரு வில் இருக்கிறதே, அது ஏன் என்று ஒருமுறை கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. பெனால்டி அடிக்கும்போது மற்றவர்கள் பந்தில் இருந்து 9.15 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், அந்த வட்டத்தின் வெளியே தெரிகிற துண்டுதான் அது. பந்து வைக்கும் புள்ளி கோல் கோட்டில் இருந்து 11 மீற்றர், பெட்டியின் விளிம்பு 16.5 மீற்றர். இடையில் 5.5. ஆரை 9.15. “நாணின் பாதியைக் கண்டுபிடியுங்கோ” என்றார். மணலில் குந்தி இருந்து செய்தார்கள். 7.31 வந்தது. கோலின் அகலம் 7.32. ஒரு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம்! தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் அன்றைக்கு அந்தப் பெடியன்கள் போட்ட சத்தத்தில் மைதான ஓரம் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தெருவுக்கு ஓடின. இப்போது நாண் பற்றிய பாடத்தை நான் அந்த வில்லில் இருந்துதான் தொடங்குகிறேன்.

நான் வருவதற்கு முந்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய சிற்றூழியர் ஐயா சொன்னது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்துபோன அன்று பின்னேரமே சேர் அந்த வருடக் கொப்பியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டாராம். கோயில், பாடசாலை என்று சனம் தங்கியிருந்த இடம் எல்லாம் போய், பிள்ளையைத் தன் கண்ணால் கண்ட பிறகுதான் பெயருக்கு நேரே சரி போட்டாராம். கேள்விப்பட்டதை வைத்துப் போடவில்லை. நாலு நாள் அலைந்தாராம். இரண்டு பெயருக்குச் சரி போடக் கிடைக்கவில்லை.

விழா முடிந்த மறுநாள், கயிற்றையும் கொப்பிக் கட்டையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். “பயிற்சிக்குப் பழைய மாணவர்கள் வருவினம். கொப்பியை நீங்கள் பாருங்கோ” என்றார். வீட்டில் வருடப்படி அடுக்கிப் பார்த்தேன். 2004ஆம் ஆண்டுக் கொப்பி மட்டும் அதில் இல்லை. நான் அவரிடம் கேட்கவில்லை.

நேற்று புதுக் கொப்பியில் 19 பெயர் எழுதினேன். ஒரு பிள்ளைக்குத் தன் சப்பாத்து அளவு தெரியவில்லை, அவன் இதுவரை சப்பாத்துப் போட்டு விளையாடியதில்லை. பழைய பேப்பரில் அவன் காலை வைத்துச் சுற்றிவரக் கோடு கீறி எடுத்து வந்திருக்கிறேன்.