மண்ணடியில் 15 ரூபாய்த் தேநீர், இன்னொரு கடையில் 600 ரூபாய் எரிச்சல்

டப்பாவின் மேல் மாம்பழப் படம். மூடியைத் திறந்தால் பள்ளிக்கூட வாசலில் விற்கும் கலர் மிட்டாய் வாசனை. அந்தத் தேயிலையில் வெந்நீரை ஊற்றி, பேசிக்கொண்டே எட்டு நிமிடம் ஊறவிட்டு, பொம்மைச் சொப்பு அளவுக் கோப்பையில் வடித்துக் கொடுத்தார்கள். முதல் வாயிலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாம்பழம், சாக்லேட், ஏர்ல் கிரே என்று மூன்று கோப்பை. ஆளுக்கு 600 ரூபாய். வடசென்னையில் புதிதாக முளைத்திருக்கும் ஒரு தேநீர்க் கடையில், போன சனிக்கிழமை காலை நடந்தது இது. கடையின் பெயர் வேண்டாம். திருச்சிக்குத் திரும்பி ஒரு நாள்தான் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று மாலை மண்ணடியில் குடித்த சுலைமானியின், அதாவது ஏலக்காயும் எலுமிச்சையும் சேர்த்த பாலில்லாத் தேநீரின், மணமும் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எப்படிப் போவது, எங்கே வாங்குவது, எப்படிப் போடுவது என்று வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் ஆட்டோ. விடியற்காலை எழும்பூரில் இறங்கி, தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். ஓட்டுநர் 450 ரூபாய் கேட்டார். மீட்டர் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேரம் பேசி 380 ரூபாய்க்கு ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கியதும், சந்துக்குள் வந்ததற்குத் தனியாக 50 ரூபாய் வேண்டும் என்றார். நான் கொடுக்கவில்லை. மாடியிலிருந்து மாமா எட்டிப் பார்த்து "என்னப்பா அங்கே சத்தம்?" என்று கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது. அந்த 380 ரூபாயில் 25 கிளாஸ் சுலைமானி குடித்திருக்கலாம். எழும்பூரில் மெட்ரோ ஓடத் தொடங்கும்வரை காத்திருந்து, சென்ட்ரலில் மாறினால் தண்டையார்பேட்டையிலேயே இறங்கலாம். தயவுசெய்து காத்திருங்கள்.

காலையில் அந்த 600 ரூபாய்க் கடை. மதியம் சவுகார்பேட்டை.

கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் நடப்பதென்றால் மூக்கைத் தீட்டிக்கொண்டு போக வேண்டும். பட்டை, கிராம்பு, முந்திரி, மிளகாய் வற்றல் என்று பத்தடிக்கு ஒரு மணம். மூட்டை சுமப்பவர்கள் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்தபடி இடித்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்துச் சந்து ஒன்றில் தேயிலையை எடை போட்டு விற்கும் சிறிய கடை. கல்லாவில் இருந்த பெரியவரிடம், பால் சேர்க்காமல் குடிக்க வேண்டும், கூடவே வாசனைப் பொருள் போட வேண்டும் என்று சொன்னேன். இரண்டு டின்களை இறக்கினார். ஒன்றில் கடுகைப் போல உருண்ட குருணை, அதாவது நம் டீக்கடைகளில் போடும் சி.டி.சி. தூள். இன்னொன்றில் கறுத்து முறுக்கிக்கொண்ட முழு இலை, குன்னூர்ப் பக்கத்துச் சரக்கு. குருணை சட்டென்று சாயம் இறக்கும், பாலைத் தாங்கும், ஆனால் மெல்லிய மணங்களை அமுக்கிவிடும். வாசனைக்கு இலைதான் சரி.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். அதே இலை, ஆனால் பெருங்காய மணம்! பையன் போன வாரம் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டானாம். தேயிலை தன்னைச் சுற்றியிருக்கும் எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். வாசனைத் தேநீர் என்ற தொழிலே இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது. ஏர்ல் கிரேயில் தேயிலையோடு சேருவது பெர்கமாட் என்ற பழத்தோலின் எண்ணெய். இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் கலாப்ரியாவில்தான் அந்தப் பழம் பெரும்பாலும் விளைகிறது. 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பெயர் அந்தத் தேநீருக்கு. நல்ல எண்ணெயை அளவாகச் சேர்த்தால் அருமையான பானம். மலிவான எசன்ஸைக் கொட்டினால் காலையில் எனக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும். டப்பாவுக்குள் தெரியும் நீல, மஞ்சள் இதழ்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் கண்ணுக்குத்தான்.

100 கிராம் இலை 90 ரூபாய். அங்கிருந்து ராசப்ப செட்டித் தெருவுக்கு நடந்து, நாட்டு மருந்துக் கடை ஒன்றில் காய்ந்த ரோஜா மொட்டு 40 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த 130 ரூபாயில் ஒரு மாதம் ஓடும். காலையில் கொடுத்த 600 மறுபடியும் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

இனி மண்ணடி. அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம், மஃரிப் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம். ஒரு ஆள் நிற்கும் அகலத்தில் ஒரு கடை. கடைக்கார பாய் அலுமினியச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தட்டிய ஏலக்காய், நான்கு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, சர்க்கரை எல்லாவற்றையும் முதலில் போட்டார். அவை நன்றாகக் கொதித்து மணம் தெருவுக்கு வந்த பிறகு அடுப்பை அணைத்தார். அதற்கப்புறம்தான் தேயிலை. போட்டதும் தட்டால் மூடிவிட்டு, அடுத்தவருக்குச் சில்லறை எண்ணத் தொடங்கினார். நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன், மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "இலையைக் கொதிக்க விடக் கூடாது தம்பி, துவர்த்துவிடும்" என்று மட்டும் சொன்னார்.

வடித்ததும் கிளாஸில் பழைய செங்கல் நிறம். அரை எலுமிச்சையைப் பிழிந்தார். சாறு விழுந்த இடத்திலிருந்து நிறம் வெளுத்துக்கொண்டே கீழே இறங்கி, நான்கு ஐந்து நொடியில் கிளாஸ் முழுவதும் தேன் நிறமாகிவிட்டது. தேநீரின் சாயம் புளிப்புப் பட்டால் வெளிறும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் டியூப் லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது தனிச் சுகம். இரண்டு புதினா இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே போட்டுக் கொடுத்தார். முதலில் எலுமிச்சை, பிறகு ஏலக்காய், கடைசியில் தொண்டையில் லேசான துவர்ப்பு. ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருந்து வந்தது. மூன்று கிளாஸ் குடித்தேன். 45 ரூபாய்.

குடித்த பிறகு கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அந்த நூடுல்ஸின் மேல் வறுத்த பூண்டும் வெங்காயமும் நொறுங்க, கூடவே சூடான வாழைத்தண்டு சூப். பிரமாதம். ஆனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பூண்டு நாக்கில் உட்கார்ந்த பிறகு எந்த வாசனைத் தேநீரும் எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அக்கா வீட்டுச் சமையலறை எனக்கு. முதல் சோதனை தண்ணீர். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில், அதாவது குடிநீர் வாரியம் தரும் தண்ணீரில் ஒரு கிளாஸ், ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீரில் ஒரு கிளாஸ். வடசென்னைக்கு வரும் தண்ணீரில் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கும் பங்கு உண்டு. 2010 முதல் இயங்கும் அந்த நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. மெட்ரோ தண்ணீர்த் தேநீர் தெளிந்த சிவப்பாக இருந்தது. போர் தண்ணீரில் போட்டது மண் நிறமாகி, மேலே ஒரு ஆடை படிந்தது. கரண்டி பட்டதும் அந்த ஆடை தகடு தகடாக உடைந்து கிளாஸ் ஓரத்தில் கறையாக ஒட்டிக்கொண்டது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து செய்யும் வேலை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினேன், ரோஜா மணம் இருந்த இடமே தெரியவில்லை. எத்தனை ரூபாய்த் தேயிலை வாங்கினாலும் தண்ணீர் சரியில்லையென்றால் எல்லாம் வீண்.

200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி இலை, கிட்டத்தட்ட 2 கிராம். கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, மூன்று நிமிடம். மூடாமல் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். ரோஜா மொட்டு மூன்று போதும். ஆறு போட்டபோது, கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பது போலிருந்தது.

பெர்கமாட்டுக்கு நான் எங்கே போவது? அது கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த இனம். தெருமுனைத் தள்ளுவண்டியில் நாரத்தங்காய் கிடந்தது, ஒன்று 10 ரூபாய். வெள்ளைப் பகுதி ஒட்டாமல் பச்சைத் தோலை மட்டும் சீவி, இரண்டு கீற்றைக் கோப்பைக்கு மேலே பிடித்து மடக்கினேன். கண்ணுக்குத் தெரியாத தூறலாக எண்ணெய் தெறித்து, தேநீரின் மேல் பளபளவென்று பரவியது. கீற்றையும் உள்ளே போட்டு ஒரு நிமிடம். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசாமல் கிளாஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பால் இல்லாததெல்லாம் டீயே இல்லை என்று முதல் நாள் சாதித்த மாமா, தனக்கும் ஒன்று போடச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் போட்ட தேநீர்களில் இதுதான் முதலிடம். எந்த டப்பாவும் இதன் பக்கத்தில் நிற்காது.

இரவு ரயிலுக்கு முன்னால், 20 ரூபாய் மெட்ரோ டிக்கெட்டில் மறுபடியும் மண்ணடி. மீதித் தோலை வாழையிலைத் துண்டில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். பாய் வாங்கி மோந்து பார்த்தார். ஏலக்காய் போடாமல், இலையும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து ஒரு கிளாஸ் வடித்து, நான் சொன்னபடி தோலை மடக்கிப் போட்டு, ஒரு நிமிடம் விட்டுக் குடித்தார். எனக்கு வயிற்றில் படபடப்பு. இன்னொரு வாய் குடித்தார்.

"ஒரு நிமிடம் அதிகம் தம்பி. கசப்பு இறங்குகிறது. மடக்கிய உடனே எடுத்துவிட வேண்டும்" என்றார். பிறகு மீதித் தோலை இலையோடு மடித்து, எலுமிச்சைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.