குரூப் 4 வரும் வரை

சங்கரன்கோவிலில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுத் தருவேன். தமிழக அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. ஒருவருடைய போட்டோவை 50 கேபிக்குள் சுருக்குவதற்குள், "அக்கா, சர்வர் போயிடுமா?" என்று பின்னால் இருப்பவர் பதறுவார். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற தேர்வுக்கு பி.இ., எம்.எஸ்சி. எல்லாம் வரிசையில் நிற்கும். பாதி முகங்கள் போன தடவை பார்த்தவைதான்.

இவர்களைத்தான் ஊரில் "வீட்டில் சும்மா கிடக்கிறான், எந்நேரமும் செல்போன்" என்கிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 நடந்தது. அடுத்தது 2022 ஜூலையில். நடுவில் கொரோனா. 7,301 இடத்துக்கு 22 லட்சம் பேர் போல விண்ணப்பித்தார்கள். ரிசல்ட் வந்தது 2023 மார்ச்சில்! அதுவரை எழுதியவன் என்ன செய்வான்? கிடைத்துவிடும் என்ற நப்பாசையில் வேறு வேலையிலும் கால் ஊன்ற மாட்டான், மேலே படிக்கவும் பணம் கட்ட மாட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கான்ட்ராக்டில் போனான். கைக்குப் பதிமூன்றாயிரம். ரூம், சாப்பாடு, ஊருக்கு வந்து போகிற பஸ் செலவு போக மிஞ்சுவது சொற்பம். கான்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் போன இன்டர்வியூவில் எல்லாம், "இடையில் ஏன் கேப்?" என்ற கேள்வி.

பெண்களின் கதை வேறு. எம்.எஸ்சி. கணிதம் படித்த பெண் ஒருத்திக்கு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. கடை அடைக்க இரவு ஒன்பதரை ஆகும், அதற்கு மேல் அவள் ஊருக்குப் பஸ் கிடையாது. அதைவிட, வரன் பேச வருகிறவர்களிடம் "பரீட்சைக்குப் படிக்கிறாள்" என்றால் மரியாதை, "ஜவுளிக்கடையில் நிற்கிறாள்" என்றால் முகம் மாறுகிறதாம். அதனால் படித்துக்கொண்டே இருக்கிறாள். படிப்பது என்றால் என்ன, ரேஷனுக்குப் போவது, சமைப்பது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, மிச்ச நேரத்தில் புத்தகம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2024 இந்திய அறிக்கையில், இளம்பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் படிப்பு, வேலை, பயிற்சி எதிலும் இல்லை, பையன்களில் பத்தில் ஒருவர்தான் அப்படி என்று இருந்தது. எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அக்டோபரிலேயே ரிசல்ட் விட்டார்கள். அதை எழுதியிருந்த அந்த டிப்ளமோ தம்பிக்கு மார்க் போதவில்லை. தீபாவளி கழிந்ததும் திருநெல்வேலியில் ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் சேர்ந்துவிட்டான். சம்பளம் சுமார்தான், ஆனால் தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கு இன்னும் வரன் பார்க்கிறார்கள்.