மஸ்டாங் மாதிரிக்கு மடங்கும் சக்கரங்கள் பொருத்திய அனுபவம்

வயலிலிருந்து எழும்பும் கொக்கைப் போல் காலை நீட்டிக்கொண்டு பறக்கும் மஸ்டாங்கைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை. 1940 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த அந்தப் போர் விமானம் சக்கரங்களை உள்நோக்கி மடக்கி இறக்கைக்குள் மறைத்துக்கொள்ளும். என்னிடம் இருந்த ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரியிலோ வளைத்த கம்பிக் கால்கள்தான். இறக்கை நீளம் 1.6 மீட்டர், பால்சா மரமும் பிளைவுட்டும் சேர்ந்த கட்டுமானம், மின் மோட்டார், எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டு ரிட்ராக்ட் (சக்கரக் கால்களை மடக்கி நீட்டும் பொறி) பொருத்தியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த வகை வாங்குவது என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. சர்வோ (ரிமோட்டின் கட்டளைப்படி ஒரு சிறு கையைத் திருப்பும் மோட்டார்) ஒன்றை வைத்துக் கம்பித்தண்டுகளால் தள்ளி இழுக்கும் பழைய வகை மலிவு. ஆனால் தண்டின் நீளம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் ஒரு கால் பூட்டிக்கொள்ளும், மற்றது பூட்டாது. காற்றழுத்தத்தில் இயங்கும் வகை பார்க்க அழகு. அதற்குக் காற்றுத் தொட்டி, வால்வு, குழாய் எல்லாம் வேண்டும். எங்காவது ஓரிடத்தில் கசியும். மின்சார வகையில் ஒவ்வொரு பொறிக்குள்ளும் சிறு மோட்டாரும் திருகுத்தண்டும் இருக்கின்றன. கால் கடைசிவரை போய் முட்டியதும் மின்னோட்டம் ஏறுவதை உணர்ந்து மோட்டார் தானாக நின்றுவிடும். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரில் செருக ஒரே ஒரு மூன்று கம்பி வயர். நான் வாங்கியது இதைத்தான்.

பொறியை மேசையில் வைத்து ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு வேலை பாதி முடிந்ததுபோல் தோன்றும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கால் இறங்கியிருக்கும்போது சக்கரம் ஓரிடத்தில் தரையைத் தொட வேண்டும். மடங்கியபின் வேறோர் இடத்தில் இறக்கைக்குள் அடங்க வேண்டும். இந்த இரண்டு இடங்களையும் தீர்மானிப்பது பொறியை நாம் பொருத்தும் கோணம்.

வால் சக்கரம் உள்ள விமானம் என்பதால் முன்சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்தாக வேண்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தால், அது செங்குத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி முன்சாய்ந்திருப்பது நல்லது. குறைந்தால் விமானம் மூக்குக் குப்புறக் கவிழும். கூடினால் இறங்கும்போது துள்ளும். வாலைத் தூக்கி உடலை மட்டமாக நிறுத்தி, ஈர்ப்பு மையத்திலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு அளந்தேன். கால் சில டிகிரி முன்சாய வேண்டும் என்று தெரிந்தது. அதற்குப் பொறியின் முன்முனையை அத்தனை டிகிரி உயர்த்திப் பொருத்தினால் போதும். கால் மடங்கும் இடம் அதனால் மாறுவதில்லை என்பது இதில் ஒரு வசதி.

மடங்கிய நிலையை மாற்ற வேண்டுமானால் பொறியை வேறு திசையில் திருப்ப வேண்டும். அசல் விமானத்தில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முன்விளிம்பு சற்று முன்தள்ளி நிற்கும். சக்கரம் போய் அமர்வது அந்தப் பகுதியில்தான். என் மாதிரியிலும் சக்கரம் நேராக உள்ளே போனால் ஸ்பாரில், அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடி அதைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தில், இடித்திருக்கும். ஸ்பாரை வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே மேலிருந்து பார்க்கும்போது பொறியின் முன்முனை இறக்கை நுனிப் பக்கமாகச் சில டிகிரி திரும்பியிருக்கும்படி வைத்தேன். கால் மடங்கும்போது சக்கரம் முன்னோக்கிச் சரிந்து ஸ்பாருக்கு முன்னால் படுத்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. பொறி திரும்பியதால் இறங்கிய சக்கரமும் அதே அளவு வெளிப்பக்கம் பார்க்கும். அப்படியே ஓடவிட்டால் விமானம் ஓடுபாதையில் அலையும். கால்கம்பியை அதன் பிடிக்குள் திருகி, சக்கரங்கள் இரண்டின் முன்பக்கமும் ஒன்றையொன்று நோக்கி ஒரு டிகிரி உள்திரும்பும்படி திருத்த வேண்டும். திருத்தியதும் மடங்கிய நிலையில் சக்கரம் தட்டையாகப் படுக்காது. முன்பகுதி இறக்கைக்குள் ஏறிக்கொள்ளும், பின்பகுதி கீழே எட்டிப்பார்க்கும். சக்கரக் குழியின் முன்பக்கம் கூடுதலாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் தேவைப்பட்டது இதனால்தான். அட்டையில் சக்கர அளவுக்கு வட்டம் வெட்டி, பழைய சைக்கிள் ஆரத்தில் ஒட்டி, மரத்தில் கைவைக்கும் முன்பே இதையெல்லாம் பார்த்துக்கொண்டேன். கணினியில் வரைந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அட்டைதான் நம்பிக்கை.

இன்னொரு கோணத்தையும் கவனிக்க வேண்டும். இறக்கை நுனியை நோக்கி மேலே சாய்ந்திருப்பதால் 90 டிகிரி மடங்கும் பொறியை இறக்கைப் பரப்புக்கு இணையாக வைத்தால், இறங்கிய கால்கள் வெளிப்பக்கம் அகன்று நிற்கும். கடைகளில் 85 டிகிரி பொறிகள் கிடைப்பது இதற்காகத்தான்.

இனி மரவேலை. பழைய கம்பிக் கால்களில் அதிர்ச்சியைக் கம்பியே முறுக்கி வளைந்து தாங்கிக்கொண்டது. ரிட்ராக்டில் அந்த நெகிழ்ச்சி குறைவு. வரும் அடி எல்லாம் இறக்கைக்குள் போகிறது. புல்தரையில் சக்கரம் ஒரு கணம் சிக்கினால் கால் நெம்புகோலாகிப் பொறியின் முன்பக்கத் திருகுகளைப் பிடுங்கப் பார்க்கும். இறக்கைக்கு வடிவம் தரும் பால்சா விலாக்களால் இதைத் தாங்க முடியாது. பொறியின் இருபுறமும் உள்ள விலாக்களில் 3 மி.மீ. பிளைவுட் தகடுகளை ஒட்டினேன். அவை ஸ்பார் வரை நீண்டு அதோடு ஒட்டிக்கொள்ளும்படி வெட்டியதுதான் முக்கியம். விலாவோடு நின்றுபோன பிளைவுட்டால் பெரிய பயன் இல்லை. தகடுகளில் பள்ளம் வெட்டி அதற்குள் பீச் மரச் சட்டங்களை இறக்கினேன். ஒட்டுவதற்கு முப்பது நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி பசை. ஐந்து நிமிட எபாக்ஸி இந்த இடத்துக்கு உதவாது. மரத்துக்குள் ஊறும் முன்பே இறுகிவிடுகிறது, கோணத்தைச் சரிபார்க்கவும் நேரம் தராது.

திருகுத் துளைகளை முதலில் சிறிதாகத் துளைத்து, திருகை ஒருமுறை முழுவதும் ஏற்றிக் கழற்றினேன். துளைக்குள் நீர்போன்ற சயனோ பசை (சூப்பர் குளூ வகை) ஒரு சொட்டு விட்டு, நன்றாகக் காய்ந்தபின் மறுபடி திருகினேன். மரத்தில் பதிந்த திருகுத்தடம் கெட்டிப்பட்டு நெடுநாள் உழைக்கும். காயும் முன் திருகினால் திருகு அங்கேயே நிரந்தரமாகிவிடும்.

கால்கம்பியைப் பொறியில் பிடிப்பது ஒரு சிறு மறைதிருகு. உருண்டைக் கம்பியில் அது என்ன இறுக்கினாலும் நிற்காது. திருகு தொடும் இடத்தில் அரத்தால் ராவி ஒரு சிறு தட்டைப் பரப்பு உண்டாக்க வேண்டும். கம்பி கடினமான எஃகு. அரம் சறுக்கும், பொறுமை வேண்டும். சக்கரத்தின் உள்திருப்பம் சரியாக அமைந்தபின் கம்பியில் பேனாவால் குறித்து, அதன்படி ராவினேன். திருகுப்பசையும் ஒரு சொட்டு. இருந்தும் பறக்கவிடும் ஒவ்வொரு நாளும் ஆலன் கீயால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

வயரிங் எளிது. ஆனால் மின்சாரத்தின் அளவைப் பார்க்காமல் விடக்கூடாது. பொறிகள் சும்மா ஓடும்போது கொஞ்சம்தான் எடுக்கின்றன. முட்டி நிற்கும் கணத்தில் பல மடங்கு கேட்கின்றன. அதே நேரத்தில் சர்வோக்களும் வேலை செய்யும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் சிறிய மின்வழங்கியை நம்பாமல் தனியாக 5 வோல்ட் மின்வழங்கி ஒன்றைச் சேர்த்தேன். அப்படிச் செய்யும்போது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு வயரை மட்டும் செருகியிலிருந்து உருவி, முனையை மூடிவிட வேண்டும்.

சோதனையில் பலரும் கவனிக்காத ஒன்று: இறக்கையை மேசையில் தலைகீழாகப் போட்டு ஓட்டிப் பார்த்தால் கால்கள் தம் எடையாலேயே குழிக்குள் விழும், எல்லாம் அழகாகவே தெரியும். பறக்கும்போது அவை எடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். மூட்டில் உள்ள சிறு தளர்ச்சியும் சேர்ந்து சக்கரம் ஓரிரு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும். இறக்கையை நேராகப் பிடித்துப் பார்த்தபோது டயர் குழி விளிம்பில் லேசாக உரசும் ஓசை கேட்டது. உப்புத்தாளால் அந்த விளிம்பைத் தேய்த்து அகலப்படுத்தியதும் நின்றது. உரசல் இருந்தால் மோட்டார் அதையே கடைசி எல்லை என்று எண்ணி வழியிலேயே நின்றுவிடும்.

எல்லாம் சேர்ந்து எடை 200 கிராமுக்கு மேல் கூடியது. கூடிய எடை ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் விழுந்ததால் பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்தேன். ஒன்றுக்கு மற்றதை மாற்றித் தட்டிவிடாதபடி, ரிமோட்டில் சக்கரத்துக்கான சுவிட்ச், ஃபிளாப் (இறங்கும்போது தாழ்த்தும் இறக்கைப் பின்விளிம்பு மடல்) சுவிட்சிலிருந்து எதிர்க்கையில் இருக்கும்படி வைத்திருக்கிறேன்.

முதல் பறப்பில் நல்ல உயரம் எடுத்தபின் சுவிட்சைத் தட்டினேன். வலது கால் இடதைவிட ஒரு நொடி முந்தி மடங்கியது. அசல் விமானங்களிலும் கால்கள் சேர்ந்தாற்போல் மடங்குவதில்லை என்பதால் அதைத் திருத்தும் எண்ணம் எனக்கில்லை. கால்கள் மறைந்ததும் வேகம் கூடியது கண்ணுக்கே தெரிந்தது. இறங்கும்போது கால்களை நீட்டியவுடன் மூக்கு லேசாகத் தாழ்ந்து வேகம் குறைகிறது. மோட்டாரைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு கால் மட்டும் இறங்க மறுத்தால் இறங்கியதையும் மடக்கிவிட்டுப் புல்லில் வயிற்றால் இறக்குவது என்று முன்பே முடிவு செய்துகொண்டேன். ஒற்றைக் காலில் இறக்கினால் இறக்கை நுனி தரையில் மாட்டி விமானம் சுழன்றுவிடும்.

சக்கரக் கதவுகளில் பாதிதான் செய்திருக்கிறேன். காலோடு சேர்ந்து போகும் வெளிக்கதவை மெல்லிய பிளைவுட்டில் வெட்டிக் காலிலேயே கவ்விகளால் மாட்டினேன். உள்கதவுகள் வேறு கதை: முதலில் அவை திறக்க வேண்டும், கால் போனபின் மூட வேண்டும், அதற்குத் தனி சர்வோக்களும் வரிசைப்படுத்தும் கருவியும் தேவை. நான் இறக்குவது புல்தரையில். தொங்கும் கதவை முதல் புல்கொத்தே பிய்த்துக்கொண்டு போய்விடும். உள்கதவுகள் இல்லாமலேயே பறக்கவிடுகிறேன்.