அபூர்வ டியூபா விற்பனைக்கு

மகன் பள்ளி பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கிறான். பள்ளியிலேயே ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோ பித்தளையைத் தினமும் பஸ்ஸில் தூக்கி வர முடியுமா? வீட்டில் வைத்துப் பழக இன்னொன்று வேண்டுமாம். புதிதின் விலையைப் பார்த்த கையோடு பழசைத் தேட ஆரம்பித்தேன்.

நாங்கள் இருப்பது மிச்சிகனில். இங்கே கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் யார்க் என்றொரு இசைக்கருவிக் கம்பெனி இருந்தது. ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுக்காக 1930களில் அவர்கள் செய்த இரண்டு டியூபாக்களைத்தான் உலகத்திலேயே சிறந்தவை என்று பலரும் சொல்கிறார்கள். அதில் ஒன்றை வாசிக்க வேண்டிய டொனாடெல்லிக்கு நல்ல தொப்பை. டியூபாவை மடியில் வைத்தால் வசதிப்படவில்லை. மாணவராக இருந்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் 175 டாலருக்கு, அதையும் தவணையில், வாங்கிக்கொண்டார். பிறகு அவர் சிகாகோ சிம்பொனியில் பல ஆண்டுகள் அதை வாசித்துப் பெரும்பேர் எடுத்தார். இரண்டு டியூபாவும் இப்போது சிகாகோவில். ஒரு தொப்பை செய்த வேலையைப் பாருங்கள்!

இந்தக் கதை இங்கே பரணில் டியூபா வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. விளம்பரம் தவறாமல் ‘அபூர்வம்’ என்றுதான் தொடங்கும். ஒரு வீட்டில் அந்த அபூர்வத்தின் அகன்ற வாயில் மண் போட்டுப் பூச்செடி வைத்திருந்தார்கள். செடியோடுதான் விலையாம்.

கடைசியில் ஒரு பெரியவரின் கொட்டகையில் நிஜமாகவே யார்க். வாய்ப்பக்கம் ‘கிராண்ட் ராப்பிட்ஸ்’ என்று பொறித்திருந்தது. எனக்குக் கை நடுங்கியது. சரி, முதலில் சோதனை. விரலால் அமுக்கும் வால்வை அமுக்காமல் அதன் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அப்புறம் அமுக்கினால் ‘டப்’ என்று சத்தம் வரவேண்டும். வந்தால் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தேயவில்லை என்று அர்த்தம். வந்தது. அடுத்து, வாய் வைக்கும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்தேன். இருந்தால் துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கும், சீக்கிரம் ஓட்டை விழும். அதுவும் இல்லை.

பெரியவர் விலை சொன்னார். நான் தலையாட்டப் போகும் நேரத்தில் மனைவி, “என்னங்க, சும்மா இருங்க” என்று முன்னால் வந்தாள். பழைய பாத்திரக்காரரிடம் பேரம் பேசிப் பழகிய கை. ஒவ்வொரு நசுங்கலாக விரலை வைத்துக் காட்டினாள். “இங்கே ஒன்று, இதோ ஒன்று.” பெரியவர் பத்துப் பத்து டாலராக இறங்கினார். அடிப்பாகத்தைப் பார்க்க அவள் டியூபாவைக் கவிழ்த்ததும் உள்ளே இருந்து எலிக்கூடு விழுந்தது. அதற்கு இருபது டாலர் குறைந்தது.

எங்களுடையது ஜேக்கப்ஸ் வைத்திருந்த ரகம் அல்ல. அது சி சுருதி, நான்கு பிஸ்டன் வால்வோடு ஒரு ரோட்டரி (சுழலும்) வால்வும் உண்டு. இது மூன்று வால்வு, பி-பிளாட் சுருதி. பள்ளிப் பிள்ளைக்குச் சரியானது இதுதான். அதைக் காரின் முன் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்காரவைத்தோம், பேரம் பேசியவள் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கலந்து குளியல் தொட்டியில் ஊறப்போட்டோம். அன்றைக்கு எங்கள் யாருக்கும் குளியல் இல்லை.

டியூபாவை வைக்கும் பெட்டியைத்தான் எலி தின்றுவிட்டிருந்தது. அந்த அளவில் பழைய பெட்டி எங்கேயும் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்து தர ஒருவர் விலை சொல்லியிருக்கிறார், டியூபாவுக்குக் கொடுத்ததைவிட அதிகம். மனைவியை அழைத்துப்போய்த்தான் பேச வேண்டும்.