கொன்னவன் பேரு வில்லி

அமெரிக்காவின் டென்வரில் இரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், 2006 முதல் 2008 வரை. வீடு அரோராவில், ஆபீஸ் டவுன்டவுனில். கோல்ஃபாக்ஸ் அவென்யூ நெடுகப் போகும் 15ஆம் நம்பர் பஸ்தான் தினமும். வழியில் புளூபேர்ட் தியேட்டர் என்று ஒரு பழைய சினிமாக் கொட்டகை வரும். படம் ஓட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இப்போது பாட்டுக் கச்சேரிதான். அன்றைக்கு யார் பாடுகிறார்கள் என்று முகப்பில் எழுத்தெழுத்தாகக் கோத்து வைத்திருப்பார்கள். ஒருநாள்கூட நான் அதைப் படித்ததில்லை. காதில் ராஜா, மடியில் டிபன் பாக்ஸ், கண்ணில் தூக்கம்.

அந்த ஊரில் பிறந்த இசை ஒன்றுக்கு "டென்வர் சவுண்ட்" என்றே பெயர் இருக்கிறது, அதற்கென்று உயிரை விடும் ஒரு சின்னக் கூட்டம் ஊருக்கு ஊர் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது 2014இல். வேளச்சேரியில், ராத்திரி பதினொன்றரை மணிக்கு, பவர்கட் முடிந்து இன்வெர்ட்டர் கத்துவதை நிறுத்திய பிறகு.

"ட்ரூ டிடெக்டிவ்" தொடர் அந்த வருடம்தான் வந்தது. கதையைவிட அதன் தொடக்கப் பாட்டுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பாடியவர்கள் ஹேண்ட்சம் ஃபேமிலி. பெயர்தான் ஃபேமிலி, இருப்பது புருஷனும் பெண்டாட்டியும்தான். வரிகள் ரென்னி ஸ்பார்க்ஸ், மெட்டு பிரெட் ஸ்பார்க்ஸ். பொழுது சாயும் பாலைவனம், சுருள் பிரியும் பாம்புகள், எலும்பை இழுத்துப்போக வரும் மலைப்பூனைகள். பாட்டு 2003இலேயே வந்துவிட்டது. பதினொரு வருடம் யாரும் அதிகம் சீண்டாமல் கிடந்ததை ஒரு டிவி தொடர் தூக்கிவிட்டது. இவர்கள் டென்வர்க்காரர்கள் இல்லை, நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் இருப்பவர்கள். ஆனால் இவர்களைப் பிடித்துக்கொண்டு போனால் நாலாவது பாட்டில் டென்வர் வந்துவிடுகிறது. கோதிக் கன்ட்ரி என்ற பெயரையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு என்றால் நமக்குத் தெரிந்தது தொப்பி, லாரி, பீர், ஊர்ப்பாசம். இது அதே கிதாரும், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும்தான். ஆனால் உள்ளே பாவம், நரகம், ஆற்றங்கரையில் பிணம். அந்த இருட்டு புதிதாகச் சேர்த்ததும் இல்லை. கன்ட்ரி பிறந்ததே அதோடுதான். ரேடியோவுக்காகத் துடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சிக்ஸ்டீன் ஹார்ஸ்பவர். இந்த டென்வர்க் குழுவைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் ஹார்ஸ்பவர் என்றுதான் பெயர் வைத்தார்களாம். ஹார்ஸ் என்ற கொச்சைப் பெயருள்ள போதைப்பொருளைச் சொல்கிறார்கள் என்று சிலர் நினைக்கவே, முன்னால் பதினாறைச் சேர்த்தார்கள். அந்தப் பதினாறு, ஒரு பழைய நாட்டுப்பாட்டில் காதலியின் சவப்பெட்டியை இடுகாட்டுக்கு இழுத்துப் போகும் கறுப்புக் குதிரைகளின் எண்ணிக்கை. பெயரிலேயே பாடை கட்டிக்கொண்டு வந்த குழு.

பாடியவர் டேவிட் யூஜின் எட்வர்ட்ஸ். தாத்தா நாசரேன் சபைப் போதகர். சின்ன வயதில் அந்தத் தாத்தாவோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர். மேடையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, மடியில் ஒரு பழைய கான்செர்டினாவை வைத்து இழுத்து அழுத்துவார். நம் ஆர்மோனியத்துக்கு மூச்சிரைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். கண்கள் மேலே சொருகிக்கொள்ளும். முதல் தடவை வீடியோவில் பார்த்தபோது, இந்த மனுஷனுக்கு யாராவது தண்ணீர் கொடுங்களேன் என்றுதான் தோன்றியது.

1996இல் வந்த அவர்கள் ஆல்பத்தின் பெயர் "சாக்க்ளாத் அண்ட் ஆஷஸ்". இதைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நான் படித்தது கிறித்தவப் பள்ளி. காலையில் முதல் மணி வேதபாடம். நினிவே ராஜா இரட்டை உடுத்திக்கொண்டு சாம்பலிலே உட்கார்ந்தான் என்று யோனா புத்தகத்தில் வரும். இரட்டு என்றால் என்ன சார் என்று கேட்டு ஸ்கேலால் அடி வாங்கியவன் நான். சாக்குத் துணிதான் இரட்டு, அதுதான் இந்த சாக்க்ளாத். எட்வர்ட்ஸின் வரிகள் அமெரிக்கக்காரர்களுக்கே முழுசாகப் புரிவதில்லை என்பார்கள். அவ்வளவும் பழைய ஆங்கில பைபிளின் வாடை. எனக்கு அது தமிழ் வேதாகமத்தின் "ஐயோ, உங்களுக்கு" என்கிற குரலில் நேராக உள்ளே போய்விடுகிறது. நான் ஞானஸ்நானம் வாங்கியவன் இல்லை, கோயிலுக்கும் பெரிதாகப் போவதில்லை. ஆனாலும் அந்தக் குரலுக்கு முதுகு தானாக நிமிர்கிறது.

இந்த வகையில் நல்லதையும் சுமாரையும் பிரிக்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: பாடுகிறவருக்கு நரகத்தின்மேல் நிஜமாகவே பயம் இருக்கிறதா? எட்வர்ட்ஸுக்கு இருக்கிறது. 1950களின் லூவின் பிரதர்ஸுக்கு இருந்தது. அலபாமாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி, ஐராவும் சார்லியும். 1959இல் சாத்தான் உண்மை என்றே ஒரு ஆல்பம் போட்டார்கள். அட்டைப் படத்துக்காக ஐரா தன் கையாலேயே பலகையில் 12 அடிச் சாத்தானைச் செய்து நிறுத்தி, டயர்களில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். படத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். பாட்டைக் கேட்டால் வராது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, மண்டையோட்டு மோதிரமும் கறுப்புக் கோட்டுமாகக் கிளம்பிய பின்னாள் குழுக்கள் எத்தனையோ. அவர்களுக்கு நரகம் ஒரு மேடை ஜோடனை. மூன்று பாட்டுக்குமேல் என்னால் முடியவில்லை.

ஸ்லிம் செஸ்னாஸ் ஆட்டோ கிளப் மட்டும் விதிவிலக்கு. எட்வர்ட்ஸும் ஸ்லிம் செஸ்னாவும் முதலில் டென்வர் ஜென்டில்மென் என்ற ஒரே குழுவில் இருந்தவர்கள். ஆட்டோ கிளப்பில் ஸ்லிம்மும் மன்லியும் எதிரெதிரே நின்று ஊழியக் கூட்டமும் நாடகமும் கலந்த மாதிரி ஆடுவார்கள். பயமும் சிரிப்பும் ஒரே வரியில் வரும். இந்தக் கன்ட்ரி ஆல்பங்கள் பலவற்றை வெளியிட்டது ஆல்டர்னேடிவ் டென்டகிள்ஸ் என்ற பங்க் ராக் கம்பெனி. கன்ட்ரி கம்பெனிகள் தொட்டிருக்காது.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். ஏன் இந்தப் பாட்டெல்லாம் சோகம் என்றும் சொல்ல முடியாமல், வேறு ஏதோ ஒன்றாகக் கேட்கிறது என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். விடை அப்பலாச்சியன் மலைக்காரர்களின் பழைய பாஞ்சோ சுருதியில் இருந்தது. "சாமில் டியூனிங்" என்பார்கள், மரமறுக்கும் மில் சுருதி. ஐந்து தந்திகளில் எதையும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே வருவது ஸ, ம, ப மட்டும். 'க', அதாவது காந்தாரம், கிடையாது. மேற்கத்திய இசையில் பாட்டு மகிழ்ச்சியா துக்கமா என்று சொல்வதே அந்தக் காந்தாரம்தான். அந்தர காந்தாரமாக இருந்தால் வெளிச்சம், சாதாரண காந்தாரமாக இருந்தால் நிழல். அது இல்லையென்றால் பாட்டு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். கூடவே கட்டைவிரல் தட்டும் குட்டையான ஐந்தாம் தந்தி, சுருதிப்பெட்டி மாதிரி ஒரே ஸ்வரத்தில் குத்திக்கொண்டே இருக்கும். கொலைகாரன் கதை சொல்ல இதைவிடத் தோதான வாத்தியம் கிடையாது. அழவும் விடாது, ஆறுதலும் சொல்லாது.

இதையெல்லாம் வீட்டில் ஸ்பீக்கரில் போடும் உரிமை எனக்கு ஞாயிறு காலையில் மட்டும்தான். "உங்க ஆளு எழவு வீட்டுக்குக் கிளம்பிட்டாரா?" என்பது என் மனைவியின் நிரந்தர விமர்சனம். போன வருடம் அம்மா புதுக்கோட்டையிலிருந்து வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தாள். ஒரு ஞாயிறு நான் லூவின் பிரதர்ஸின் "நாக்ஸ்வில் கேர்ள்" போட்டிருந்தேன், 1956 பதிவு. அண்ணன் தம்பி குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து தாலாட்டு மாதிரி வரும். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "இது நல்லாருக்கு. என்ன சொல்றான்?" என்றாள்.

சொன்னேன். ஒருத்தன் ஒரு பெண்ணோடு பழகுகிறான். ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரும் நடக்கப் போகிறார்கள். ஊருக்கு ஒரு மைல் தள்ளிப் போனதும் கீழே கிடந்த கம்பை எடுத்து அவளை அடிக்கிறான். என்னைக் கொல்லாதே என்று கெஞ்சுகிறாள். இன்னும் அடிக்கிறான். முடியைப் பிடித்து இழுத்து ஆற்றில் தள்ளிவிட்டு வீட்டுக்கு வருகிறான். துணியெல்லாம் ரத்தமாக இருக்கிறதே என்று அவன் அம்மா கேட்க, மூக்கில் ரத்தம் வந்தது என்கிறான். அப்புறம் ஜெயில்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "ஏன் கொன்னான்?"

"பாட்டுல அது இல்லம்மா."

"அதெப்படி இல்லாம இருக்கும்? கொலைச்சிந்துன்னா முதல்ல அதைத்தானடா சொல்லணும்."

கொலைச்சிந்து. படித்திருக்கிறேன், கேட்டதில்லை. அம்மா கேட்டிருக்கிறாள். சின்ன வயதில் திருமயம் பக்கம் சந்தையில் ஒருவன் டேப் என்கிற தோல்வாத்தியத்தை அடித்துக்கொண்டு பாடுவானாம். எந்த ஊர், எந்தத் தேதி, யார் யாரை எதற்காகக் கொன்றார்கள், போலீஸ் எப்படிப் பிடித்தது எல்லாம் வரிசையாக வரும். செத்தவள் புலம்புகிற இடத்தில் கூட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். கடைசியில் புத்திமதி. சரியாக அழுகை உச்சத்துக்குப் போகும்போது பாட்டை நிறுத்திவிட்டு, மீதி புஸ்தகத்தில் இருக்கிறது, பத்துப் பைசா என்பானாம். என்ன ஒரு வியாபாரி!

நாக்ஸ்வில் பாட்டும் அப்படி விற்ற சரக்குதான். அடுத்த வாரம் முழுக்க அதன் வேரைத் தேடிக்கொண்டிருந்தேன். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தெருக்களில் ஒற்றைத் தாளில் அச்சடித்து விற்ற பாட்டு அது. கொன்றவன் ஒரு மாவு மில்காரன். அயர்லாந்துக்குப் போனபோது வெக்ஸ்ஃபர்ட் பெண் ஆனாள். அமெரிக்காவுக்கு வந்து டென்னசி மலையில் நாக்ஸ்வில் பெண் ஆனாள். மூக்கில் ரத்தம் என்ற பொய் மட்டும் பத்திரமாகக் கூடவே வந்திருக்கிறது. பழைய தாள்களில் காரணம் தெளிவாகவே இருக்கிறது: அவள் வயிற்றில் பிள்ளை. கல்யாணத்துக்கு நெருக்குகிறாள். கப்பலேறி வரும் வழியில் அந்தக் காரணம் எங்கேயோ கடலில் விழுந்துவிட்டது. லூவின் பிரதர்ஸ் பாடும்போது மிச்சம் இருப்பது கம்பும் ஆறும்தான். நான் இந்தப் பாட்டைப் பார்த்து நடுங்கியதே அந்தக் காரணமின்மைக்காகத்தான். நவீன இலக்கியம் மாதிரி இருக்கிறதே என்று வேறு பீற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "அதானே பாத்தேன்" என்றாள். ரொம்ப நாளாகத் தெரிந்த பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?"

மறுபடி மாட்டிக்கொண்டேன். "பேர் இல்லம்மா. நாக்ஸ்வில் பொண்ணுன்னுதான் வரும்."

"அவன் பேரு?"

"வில்லி. அவ கெஞ்சும்போது கூப்பிடுவா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பத்து வருடமாகக் கேட்கிற பாட்டு. ஒருதடவைகூட எனக்கு இது உறைத்ததில்லை.

பெயர் இருக்கிற பாட்டும் உண்டு என்று காட்டுவதற்காக "ஓமி வைஸ்" போட்டேன், டாக் வாட்சன் பாடியது. நயோமி வைஸ், வட கரோலினா, ராண்டால்ஃப் கவுன்டி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டீப் ரிவர் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டவள். அவளுக்கும் வயிற்றில் பிள்ளை. ஜொனாதன் லூயிஸ் என்பவன்மேல்தான் பழி; கொலைக்காக அவனுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. அம்மா முழுசும் கேட்டாள். "எங்க சந்தைப் பாட்டுக்காரன்னா இதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடுவான்" என்றாள். தாவணி போடும் முன்னால் கேட்ட ஒரு சிந்தை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். கிணற்றடி, அரிவாள், மைத்துனன். மெட்டு வந்தது, இரண்டு வரி வந்தது, அந்தப் பெண்ணின் பெயர் வர வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதும் நடுவில் முணுமுணுத்துப் பார்த்தாள். வரவில்லை.

அம்மா ஊருக்குப் போய் மூன்று வாரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி, நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். அம்மா அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிற ஆள் இல்லை என்பதால் பதறிப்போய் வெளியே வந்து எடுத்தேன்.

"பேரு ஞாபகம் வந்துருச்சுடா" என்றாள். சொன்னாள். அந்த வரியை மெட்டோடு பாடியும் காட்டினாள். கையிலிருந்த பிரின்ட் அவுட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவள் வீட்டு மனிதர்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்றாள் அம்மா.