பரீட்சைக்கு வராத பாடம்

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு. நேற்று திண்ணையில் உட்கார்ந்து ஹிட்லரின் வதைமுகாம்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம் என்று பிசகாமல் ஒப்பித்தாள். "கீழ்வெண்மணி தெரியுமா?" என்றேன். "டிசம்பரில் சிவப்புக் கொடி கட்டிய வண்டிகள் போகுமே, அந்த ஊர்தானே சித்தப்பா?"

அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, நிலக்கிழார்களிடம் கூலி உயர்வு கேட்ட தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அதை இனப்படுகொலை என்பதா, சாதிப் படுகொலை என்பதா என்று வக்கீல்கள் வாதாடட்டும்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலம் யூத இனப்படுகொலையைப் பள்ளியில் கற்பிப்பதை 1990-லேயே சட்டக் கடமையாக்கியது. இங்கும் சட்டம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆசிரியர் விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் வெண்மணியைப் பற்றிக் கேட்டதற்கு, "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார் வாத்தியார். (நல்ல மனிதர். அவருக்கும் ஊரில் நிலம் இருந்தது.)

சொல்லி முடித்ததும் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டாள். "என் வயதில் யாராவது இருந்தார்களா சித்தப்பா?"

"உன்னைவிடச் சின்னவர்களும் இருந்தார்கள்" என்றேன்.