ஒரே வாங்கில்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை என்று பழைய மாணவர் சங்கத் தம்பிமார் கேட்டபோது, இல்லப் போட்டிகளையும் நாடக விழாக்களையும் பற்றி எழுதத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசுக்கு நூறு வயது கடந்துவிட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியில் எங்கள் அதிபராக இருந்தார். அவரிடம் படித்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சிலரே. ஆகவே ஹன்டி பேரின்பநாயகம் அவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

அவர் பெயரை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, அப்பா வேலை செய்த சுருட்டுக் கொட்டிலில். எல்லோருடைய கைகளும் புகையிலையில் இருக்கும். ஒருவர் மட்டும் நடுவில் இருந்து பத்திரிகையை உரத்து வாசிப்பார். வாசிப்பு முடிந்ததும் பழைய கதைகள் கிளம்பும். 1927இல் மாணவர் காங்கிரசின் அழைப்பில் காந்தி யாழ்ப்பாணம் வந்த கதை. அப்புறம் 1931. பிரித்தானியர் கொடுத்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று, மாணவர் காங்கிரஸ் பெயர் மாறி வந்த வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுக் கொடுக்கவில்லை. அது பெரும் பிழை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு முழுவதற்கும் விடுதலை கேட்டு, கிடைக்கிற கதிரையை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

ஆனால் அவருக்கு நான் கைகூப்புவது அதற்காக அல்ல. சம ஆசனம், சம போசனம் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள்; எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிப்பதும் ஒன்றாகச் சாப்பிடுவதும்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்தில் இருந்த காலம் அது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் கொதித்தார்கள்; சில பாடசாலைகளுக்குத் தீயும் வைத்தார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளின் பக்கம் நின்றது வாலிப காங்கிரஸ். சொந்தச் சாதிக்காரரின் பகையைத் தேடிக்கொண்டுதான் அப்படி நிற்க முடிந்தது.

ஐம்பதுகளில் நான் படித்தபோது என் வாங்கில் பக்கத்தில் இருந்தவன் அப்படியொரு குடும்பத்துப் பிள்ளை. கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். ஒருநாள் கிரிக்கெட் முடிந்து வரும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். எங்களுக்குக் கிளாசில் வந்தது. அவனுக்கு வெளியே, பின்பக்கத்தில், வாய் உடைந்த சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்கள். போத்தல் சூடு தாங்காமல் சட்டை நுனியால் பிடித்துக்கொண்டு, உடைந்த பக்கம் உதட்டில் படாமல் திருப்பித் திருப்பிக் குடித்தான். அதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. இப்படிச் சாதி பார்த்து ஒதுக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் கடைக்காரர்கள் லேசில் மாறவில்லை.

அடுத்த நாள் காலையில் அவன் என் பக்கத்தில் வந்து இருந்தான், முழங்கை முட்ட. அந்த ஒன்றரை அடி இடத்துக்காக இருபது வருடத்துக்கு முன்னர் எத்தனை பேர் ஏச்சு வாங்கினார்கள், எத்தனை கூரைகள் எரிந்தன என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. கதர் உடுத்து வளவுக்குள் நடந்து போகும் அதிபர் அந்தப் போராட்டத்தில் இருந்தவர் என்பதை வெகு காலம் கழித்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

சிங்களமும் தமிழும் நாட்டு மொழிகளாக வேண்டும், பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று இருபதுகளிலிருந்தே சொல்லி வந்தவர் அவர். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டமும் 1958இல் தமிழருக்கு எதிரான கலவரமும் வந்தபோது எங்கள் அதிபராக இருந்தார். ஒரே இலங்கை என்று நம்பிய மனிதருக்கு அந்த ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று இந்த வயதில் அடிக்கடி யோசிக்கிறேன். 1977இல் அவர் காலமானார். அந்தச் செய்தி லண்டனில் எனக்கு வான்கடிதத்தில் வந்தது. அதற்குள் செத்தவீடும் எட்டும் முடிந்திருந்தன.

எங்கள் வகுப்பில் பலர் கணக்காளர், பொறியியலாளர் என்று கப்பலேறினோம். உழைத்தோம், வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம். என் வாங்குத் தோழன் போகவில்லை. வாத்தியார் வேலைக்குப் போய், இளைப்பாறும் வரை வடமராட்சியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தான். ஷெல் விழுந்த காலத்திலும் மரத்தடியில் வகுப்பு வைத்தான். அதிபருக்கு நாங்கள் பட்ட கடனை எங்களில் கட்டியவன் அவன்தான். அவனோடு நானும் நின்றிருக்கலாம்.